எக்ஸிட் அடிச்சாச்சு, டிக்கெட் வரலை: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்க வூட்டுக்காரர் சவூதியில, தம்மாம்ல 9 வருஷமா வெல்டர். காண்ட்ராக்ட் முடிஞ்சு ஃபைனல் எக்ஸிட் (ஒரேயடியா ஊர் திரும்புற விசா) அடிச்சு மூணு வாரம் ஆச்சு. டிக்கெட் இன்னிக்கு, நாளைக்குன்னு இழுக்குறாங்க. செட்டில்மெண்ட் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போ, பணத்தை ஊருக்கு அனுப்புறோம்னு ஆபீஸ்ல சொல்றாங்களாம். பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வெக்கணும். நாங்களே காசு போட்டு டிக்கெட் எடுத்துடலாமா? நகை எவ்ளோ எடுத்துட்டு வரலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, நீங்கள் டிக்கெட்டைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்தக் கையெழுத்துதான் கவலை. பணம் அவர் கணக்கில் ஏறுவதற்கு முன்னால் அந்தத் தாளில் அவர் பேனாவே வைக்கக்கூடாது. 'ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்' என்று விட்டவர்களில் பாதிப் பேர் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

முதலில் எவ்வளவு வரவேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சவூதி தொழிலாளர் சட்டப்படி சர்வீஸ் பணம் (வேலை முடியும்போது கம்பெனி தரவேண்டிய தொகை) கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். முதல் 5 வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு முழு மாதச் சம்பளம். உங்கள் கடிதத்தில் சம்பளம் எவ்வளவு என்று இல்லை. பேச்சுக்கு 2,400 ரியால் என்று வையுங்கள். முதல் 5 வருஷத்துக்கு 6,000, மீதி 4 வருஷத்துக்கு 9,600. மொத்தம் 15,600 ரியால்.

இனிமேல்தான் விஷயமே. இதே ஆள் 'நானாக வேலையை விடுகிறேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், 5 வருஷத்துக்கு மேல் 10 வருஷத்துக்குள் என்ற கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்: 10,400. ஒரே ஒரு தாளில் 5,200 ரியால் காணாமல் போகிறது. அதனால் அவர் கையில் கொடுக்கும் காகிதத்தில் 'காண்ட்ராக்ட் முடிந்தது' என்று இருக்கிறதா, 'ராஜினாமா' என்று இருக்கிறதா என்பதைப் பார்க்கவேண்டும். அரபியில் இருந்தால் போனில் படம் எடுத்து, கம்பெனிக்கு வெளியே அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டட்டும். கேம்ப் போர்மேன் படித்துச் சொல்வதை நம்பவேண்டாம். அவரும் அந்தக் கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறார். 'என் பாக்கி முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அநேகமாக அடியில் இருக்கும். வாங்காத பணத்துக்கு வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

எடுக்காத லீவுக்கான சம்பளமும் இதில் சேரவேண்டும். 5 வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு. பலரும் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கம்பெனி பக்கமிருந்து வேலை முடிக்கப்பட்டால் ஒரு வாரத்துக்குள், ஆள் தானாக முடித்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் கணக்குத் தீர்க்கவேண்டும் என்பது சட்டம். வேலை முடிந்தே மூன்று வாரம் என்றால் இரண்டு கெடுவும் தாண்டியாச்சு. எனவே அவர் கெஞ்சத் தேவையில்லை, கேட்கலாம். ஆபீஸில் நேரில் கேட்பதோடு வாட்ஸ்அப்பிலும் எழுதிக் கேட்கட்டும். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

அங்கே இருக்கும்போதே ஏன் இத்தனை அவசரம்? இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அட்டை, காலாவதியானால் வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள். சவூதி சிம்மைத் தூக்கிப் போட்டால் அரசு சேவைகளுக்கான அப்ஷர் ஆப்புக்கு ஓடிபி வராது; வேலை ஒப்பந்தங்களுக்கான கிவா தளத்தில் இருக்கும் காண்ட்ராக்ட்டைத் திறக்கவும் கஷ்டம். ஆகவே காண்ட்ராக்ட், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், இக்காமாவின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் இன்று ராத்திரியே படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கணக்கில் இருக்கும் பணத்தையும் அனுப்பிவிடட்டும்.

கம்பெனி அசையாவிட்டால் சவூதி மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்தில் அவரே புகார் போடலாம். முதலில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் தொழிலாளர் கோர்ட். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் போடாவிட்டால் புகாரை ஏற்கமாட்டார்கள். நீங்கள் இங்கிருந்தபடியே நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்ற புகார்த் தளத்தில் பதியலாம். தம்மாம், ரியாத்தில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் கீழ் வருகிறது. சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் அயலகத் தமிழர் நல ஆணையரகத்திலும் மனுக் கொடுங்கள். கிளம்பியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், புகாரைப் பதிந்து, தன் சார்பில் வழக்கைப் பார்க்க ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும். 2016-ல் ஜித்தாவில் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி நொடித்து ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் கேம்ப்பில் மாட்டிக்கொண்டபோது, பாக்கியைப் பதிந்துவிட்டுத்தான் ஊர் திரும்பும்படி நம் அரசாங்கமே சொன்னது.

இப்போது டிக்கெட். வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் கம்பெனி செலவு. ஆனால் ஃபைனல் எக்ஸிட்டுக்கு 60 நாள்தான் ஆயுள்; இக்காமா அதற்கு முன்னாலேயே முடிகிறது என்றால் அந்தத் தேதியையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் 1,000 ரியால் அபராதம். உங்களுக்குக் கிட்டத்தட்ட 40 நாள் கையில் இருக்கிறது. அதனால் இன்றைக்கே அவசரப்பட்டு டிக்கெட் எடுக்கவேண்டாம். பணம் வந்துவிட்டது, டிக்கெட் மட்டும்தான் இழுக்கிறது என்றால் தாராளமாகச் சொந்தக் காசில் எடுங்கள். ரசீதை வைத்துப் பிறகு கேட்கலாம். பணமும் வராமல் கெடுவும் நெருங்கினால், இக்காமா உயிரோடு இருக்கும்போதே எக்ஸிட்டை ரத்து செய்யச் சொல்வதா, புகார் போட்டுவிட்டுக் கிளம்புவதா என்று தூதரகத்தில் கேட்டு முடிவெடுக்கட்டும். அவர் பேரில் டிராபிக் அபராதமோ வண்டியோ நிற்கிறதா என்றும் அப்ஷரில் பார்க்கட்டும்.

டிக்கெட் நம்பர் கைக்கு வரும்வரை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பத்திரிகை அடித்துவிட்டு அப்பா இல்லாமல் சடங்கு நடத்திய வீடுகள் காசிமேட்டில் தெருவுக்கு ஒன்று இருக்கும்.

காத்திருக்கும் நாளில் சர்வீஸ் சர்டிபிகேட்டை வாங்கச் சொல்லுங்கள். அதைக் காசு வாங்காமல் கொடுக்கவேண்டியது கம்பெனியின் கடமை. அதில் 'தொழிலாளி' என்று மொட்டையாக இல்லாமல் பைப் வெல்டரா, ஸ்ட்ரக்சர் வெல்டரா, 6ஜி டெஸ்ட் (சாய்த்து வைத்த பைப்பில் வெல்டிங் தேர்வு) பாஸானவரா என்பது வரவேண்டும். மணலியிலோ காட்டுப்பள்ளியிலோ வேலை கேட்கும்போது முதல் கேள்வியே அதுதான்.

நகை: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வரும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை வரி கிடையாது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில் பழைய ரூபாய் வரம்பை எடுத்துவிட்டு எடையை மட்டும் வைத்திருக்கிறார்கள். நகை பெண்ணுக்குத்தானே என்று 40 கேட்க முடியாது. கொண்டு வருபவர் ஆண், ஆகவே இரண்டரைப் பவுன். நகையாக இருக்கவேண்டும்; தங்கக் காசுக்கும் பிஸ்கட்டுக்கும் இந்தச் சலுகை இல்லை. பில்லைக் கையில் வைத்திருக்கட்டும். மேலே போனால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லி வரி கட்டிவிடுவது நல்லது. 'இந்தச் செயினை மட்டும் மெட்ராஸ்ல குடுத்துடுண்ணே' என்று கேம்ப்பில் யார் நீட்டினாலும் வாங்கவே கூடாது. குருவி, அதாவது அடுத்தவருக்காகக் கடத்தி வருபவர், என்று ஒருதரம் மாட்டினால் பாஸ்போர்ட்டோடு போகும். கம்பளி, சென்ட், பால் பவுடர் என்று பெட்டியை நிரப்பவும் வேண்டாம், பர்மா பஜாரில் கிடைக்காத சாமான் எதுவும் அங்கே இல்லை. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை வளைகுடா விமான நிலையங்களில் பல இடத்தில் திருப்பிவிடுகிறார்கள். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும்.

வந்த பிறகு செய்யவேண்டியது ஒன்று. என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) இருந்தால், ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன் என்று வங்கியில் எழுதிக் கொடுத்து சாதாரணக் கணக்காக மாற்றவேண்டும். டெபாசிட் முதிரும்வரை பேசிய வட்டியிலேயே ஓடும், ஆனால் அந்த வட்டிக்கு இருந்த வரிவிலக்கு போய்விடும்.

அழைத்துவர வேன் பேசுவதற்கு முன் எத்தனை பெட்டி என்று கேளுங்கள். இரண்டு என்றால் விமான நிலையத்தில் நீல வழி மெட்ரோ ஏறி, எங்கும் மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம்.