முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப்போய் பக்கத்து லயத்துக்காரரோடு வாய்த்தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. அவருக்கு உதட்டில் காயம், பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். என்னிடம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. ‘ஒத்துக்கிட்டு தண்டத்தைக் கட்டிட்டு வந்திரு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். சட்டத்தரணி வைக்கக் காசில்லை. அடுத்த வருடம் கட்டாருக்கு வேலைக்குப் போகும் யோசனையும் உண்டு.

பதில்: தம்பி, அந்தக் கட்டார் யோசனைக்காகவே அவசரப்பட வேண்டாம் என்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவாக, அதாவது வேண்டுமென்றே காயம் விளைவித்த குற்றமாக இருக்கும், ஒரு வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். முதல் தடவை என்றால் பெரும்பாலும் தண்டத்தோடு போய்விடும், அதைப் பார்த்துத்தான் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் ஒப்புக்கொண்டால் குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவாகிவிடும், பிறகு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை கேட்கும்போது அது வந்து முன்னால் நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? சட்டத்தரணி ஒருவர் மூலம் வாதாடுவது உங்கள் உரிமை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் மேல் நீதிமன்ற வழக்குகளில் அரசே சட்டத்தரணி போட்டுக்கொடுப்பதைப் போல நீதவான் நீதிமன்றத்தில் தானாக யாரும் வரமாட்டார்கள், நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் சட்ட உதவி ஆணைக்குழு, 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது, அதன் நிலையங்கள் பல ஊர்களில் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கின்றன. வருமானத்தையும் வழக்கின் தன்மையையும் பார்த்துத்தான் எடுப்பார்கள், அதனால் தேசிய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், அழைப்பாணை எல்லாவற்றையும் தவணைக்கு முன்பே கொண்டுபோங்கள். சந்தா கட்டுகிறவர் என்றால் தொழிற்சங்க அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். நீதிமன்ற வாசலில் ‘நான் முடிச்சுத் தர்றேன்’ என்று கையைப் பிடிக்கிற ஆட்களிடம் மட்டும் காசு கொடுத்துவிடாதீர்கள்.

தவணைக்குள் யாரும் கிடைக்கவில்லையா? அப்போதும் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் பிடியாணைதான். பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி, ‘ஐயா, சட்டத்தரணி வைக்க ஒரு தவணை வேண்டும்’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். குற்றச்சாட்டைச் சிங்களத்தில் வாசித்தால், விளங்கவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி அதை அரசுதான் ஏற்பாடு செய்ய வேண்டும், யாரும் செய்கிற உபகாரம் அல்ல. விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து ‘என்ன கேட்டாங்க?’ என்று விசாரிக்கிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர்.

கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ‘நான்தான் அடித்தேன்’ என்று எழுதியிருந்தாலும், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு.

அப்புறம் ஒன்று: இப்படிச் சின்னக் காய வழக்குகள் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியவை. உங்கள் வழக்கு போனதா என்று சட்டத்தரணியிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது, இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். நீதிமன்றத்திலும் முறைப்பாட்டுக்காரர் சம்மதித்தால் சமரசமாக முடிக்கலாம், அதற்குத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நீங்களே முதலில் அவர் வீட்டுப் படியேறினாலும் தப்பில்லை, ஆனால் தனியாகப் போகாதீர்கள், மிரட்டினான் என்று இன்னொரு முறைப்பாடு வந்துவிடும். சமரசம் சரிவராமல் குற்றம் நிரூபணமானாலும், மேலே சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின் கீழ் குற்றத்தீர்ப்புப் பதியாமலே நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்டு வாங்கத்தான் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி வேண்டும்.