அலையேறும் பிள்ளையை என்ன படிக்க வைப்பது?

வணக்கம் அம்மா,

உங்கள் மகன் விடியும் முன்பே அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறான், திரும்பி வந்தால் அலைகளை வரைகிறான், மற்ற நேரமெல்லாம் கடல் கெட்டுப்போவதைப் பற்றியே பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஓராண்டுதான். மூன்றில் எது சோறு போடும், எதை விடச் சொல்லலாம் என்பது உங்கள் கேள்வி. எதையும் விடச் சொல்ல வேண்டாம் என்பதே என் பதில். அவன் முடிவு செய்ய வேண்டியது வேறு: இந்த மூன்றுக்கும் கைகொடுக்கிற ஒரு திறமையை முறையாகக் கற்க வேண்டும். அது எது என்பதைத்தான் இந்த ஓராண்டில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். அலைச்சறுக்குப் போட்டிகளையே நம்பி வாழ்க்கையை அமைப்பது மிகச் சிலருக்கே வாய்க்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டில் இடம் கிடைத்தவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் ஆண்கள் 24 பேர், பெண்கள் 24 பேர், அவ்வளவுதான். போட்டி ஆசை இருந்தால் இருக்கட்டும், படிப்பு அதன் கூடவே நடக்கட்டும். பயிற்சியாளர் வேலை அதைவிட எட்டக்கூடியது. சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் முதல்நிலைப் பயிற்சியும் நீர் மீட்பு, முதலுதவிச் சான்றிதழ்களும் இருந்தால் படிக்கும்போதே விடுமுறைகளில் சம்பாதிக்கலாம். ஆனால் அது பருவத்தை நம்பிய வருமானம். அதை மட்டுமே ஆதாரமாக வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி அவனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். "நாளை மறுநாள் காலையில் நல்ல ஸ்வெல் வரும்" என்று அவன் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தொலைவிலிருந்து வந்து சேரும் அலைக்கூட்டத்தைத்தான் ஸ்வெல் என்கிறான். அதை எப்படிச் சொல்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். செயலியில் பார்த்தேன் என்று நிறுத்திவிட்டால் பரவாயில்லை. ஆனால் எங்கேயோ தூரத்தில் அடித்த புயலையும், இரண்டு முகடுகளுக்கு நடுவே எத்தனை நொடி இடைவெளி என்பதையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் கவனியுங்கள். 15 நொடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு நாளில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். 8 நொடி அலைகள் அதில் ஏறக்குறைய பாதி வேகம்தான். அதனால்தான் தொலைவில் புயல் ஓய்ந்த பிறகும், இங்கே காற்றே இல்லாத காலையில், ஒழுங்காக வரிசை கட்டி அலைகள் வந்து சேர்கின்றன.

இந்தக் கணக்கை மனிதர்கள் கற்றுக்கொண்ட வரலாற்றை அவனுக்குச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் படைகள் கரையிறங்க வேண்டிய நாளில் கடல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரண்டு கடலியலாளர்கள் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் உருவாக்கினார்கள். 1963-இல் மங்க் தன் குழுவோடு நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென் துருவத்தை ஒட்டிய கடலில் பிறந்த அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து போவதைப் பதிவு செய்தார். இன்று சர்ஃபர்கள் கைபேசியில் பார்க்கும் முன்னறிவிப்புக்குப் பின்னால் இருப்பது அந்த வழியில் வந்த அறிவு. அதே அறிவு துறைமுகம் கட்டுபவர்களுக்கு வேண்டும், கடலில் காற்றாலை நிறுத்துபவர்களுக்கு வேண்டும், கரை அரிப்பைத் தடுக்க நினைப்பவர்களுக்கும் வேண்டும். இயற்பியல் கடலியல், கடலோரப் பொறியியல் என்று இந்தப் படிப்புகளுக்குப் பெயர். நுழைவாயில் கணிதமும் இயற்பியலும்.

இரண்டாவது வழியைப் பெற்றோர் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. அவன் ஏறி நிற்கிற பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பலகைகளின் உள்ளே பாலியூரித்தேன் ஃபோம், மேலே ஃபைபர் கிளாஸ் துணி, அதை இறுக்கிப் பிடிக்கும் பாலியஸ்டர் ரெசின். ஃபோமும் ரெசினும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. கடலை நேசிக்கிறவன் காலடியில் கடலுக்கு ஆகாத பொருள். 2005 டிசம்பர் 5-ஆம் தேதி, பலகைகளைச் செதுக்கி உருவாக்கும் அமெரிக்கக் கைவினைஞர்களில் பெரும்பாலானோருக்கு ஃபோம் கொடுத்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் ஒரே நாளில் மூடப்பட்டது. ஃபோம் தயாரிப்பில் பயன்பட்ட டொலுயீன் டைஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் தொடர்பான கட்டுப்பாடுகளையும் வழக்கு வருமோ என்ற அச்சத்தையும் உரிமையாளர் காரணமாகச் சொன்னார். பலகைத் தொழில் முழுக்க ஆடிப்போனது. அதற்குப் பிறகு வேறு வகை ஃபோம், எபாக்சி ரெசின், தாவரங்களிலிருந்து ஓரளவு எடுக்கப்படும் ரெசின் என்று தேடல் வேகம் பிடித்தது. குளிர்நீரில் அணியும் வெட்சூட் உடையிலும் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பருக்குப் பதிலாக இயற்கை ரப்பர் வந்திருக்கிறது. இந்தத் தேடல் இன்னும் முடியவில்லை, அதற்கு ஆள் வேண்டும். பாலிமர் வேதியியலும் பொருளறிவியலும் தொழில் வடிவமைப்பும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஓவியமும் அலையும் எங்கே ஒட்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதே ரெசினில்தான் ஒட்டியது! 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் கட்டடக்கலை படித்த பீட்டர் அலெக்சாண்டர் என்பவர் தன் பலகைக்கு ரெசின் பூசிக்கொண்டிருந்தார். காகிதக் கோப்பையில் மீந்துபோன ரெசின் கண்ணாடி மாதிரி உறைந்து, ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தவர் ரெசினை வார்த்துச் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். தண்ணீரை வெட்டி எடுத்து வைத்தது போன்ற அந்தச் சிற்பங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பில்லி ஆல் பெங்ஸ்டன், கென் பிரைஸ் போன்ற அதே ஊர்க் கலைஞர்களும் அலையேறியவர்களே. ஆனால் ரெசினின் நச்சு ஆவி உடலைக் கெடுத்ததால் 1970-களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் அதைக் கைவிட வேண்டியிருந்தது. உங்கள் மகன் வீட்டில் பலகையைப் பழுதுபார்க்கிறான் என்றால் இதை அவனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ரெசின் வேலை காற்றோட்டமான திறந்த இடத்தில்தான் நடக்க வேண்டும், ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிப்பான் உள்ள முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது.

கலையையே படிக்கிறேன் என்று அவன் சொன்னால் பதற வேண்டாம். வருமானம் சீராக இருக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதோடு இன்றைய கலையில் கடலைத் தொடுபவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள். ஜேசன் டி கைரஸ் டெய்லர் சிற்பம் படித்தவர், ஆழ்நீச்சல் பயிற்றுநராகவும் இருந்தவர். 2006-இல் கிரெனடாவிலும், பிறகு மெக்சிகோவின் கான்கூனிலும் கடலடியில் சிற்பங்களை நிறுவினார். பவளங்கள் ஒட்டி வளர ஏதுவான கார அமிலச் சமநிலை கொண்ட சிமென்ட்டில் அவற்றை வார்க்கிறார். மிதவை, நங்கூரம், நீரோட்டம், அரசு அனுமதி எல்லாம் தெரியாமல் அந்த வேலையில் இறங்க முடியாது. 2019-இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கடற்கரையில் அவர் நிறுத்திய பெண் சிற்பம், பவளத்திட்டுப் பகுதியின் நீர் வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் மாறும். அதற்கு உணரிகளிலிருந்து வரும் தரவு வேண்டும். சிற்பியும் கடலியலாளரும் மின்னணுவியலாளரும் சேர்ந்து செய்தால்தான் அது நடக்கும்.

இன்னோர் எடுத்துக்காட்டு மார்கரெட், கிறிஸ்டின் வெர்தீம் என்ற இரட்டைச் சகோதரிகள். ஒருவர் இயற்பியலும் கணிதமும் படித்தவர், மற்றவர் கலைத் துறைக்காரர். பவளங்கள் வெளுத்துச் சாவதைக் கண்டு, 2005-இல் குரோஷே என்ற கொக்கி ஊசியால் நூலில் பவளத்திட்டைப் பின்ன ஆரம்பித்தார்கள். அதற்கு உதவிய பின்னல் முறை, டைனா டைமினா என்ற கணிதவியலாளர் வளைபரப்பு வடிவியலைக் கற்பிக்கக் கண்டுபிடித்தது. 2019-இல் அந்தப் பவளத்திட்டு வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கிறிஸ் ஜோர்டன் என்ற புகைப்படக் கலைஞரையும் அவன் அறிந்திருக்க வேண்டும். பசிபிக்கின் மிட்வே தீவில், வயிறு நிறைய பிளாஸ்டிக்கோடு செத்துக் கிடந்த அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைப் படமெடுத்தவர். ஒரு பிளாஸ்டிக் துண்டைக்கூட இடம் மாற்றாமல் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடலுக்காகக் கலை செய்ய நினைக்கிறவனுக்கு அந்த நேர்மை அடிப்படைத் தகுதி என்று நான் நினைக்கிறேன்.

கடல் உயிரியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். டால்பின்களோடு நீந்தும் வேலை என்ற எண்ணத்தில் சேர்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். மாதிரி எடுப்பது, நுண்ணோக்கி, எண்ணுவது, புள்ளியியல் என்றுதான் பெரும்பாலான நாட்கள் போகும். அது பிடித்தால் நல்ல துறை.

கடலைக் காப்பதே தொழிலாக வேண்டும் என்பவனுக்கு அலையேறிகளே அமைத்த நிறுவனங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 1984-இல் சர்ஃப்ரைடர் அறக்கட்டளையும், இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1990-இல் 'சர்ஃபர்ஸ் எகெய்ன்ஸ்ட் சூவேஜ்' (கழிவுநீரை எதிர்க்கும் அலையேறிகள்) அமைப்பும் தொடங்கின. பின்னதைத் தொடங்கியவர்கள், கழிவுநீர் கலந்த கடலில் அலையேறி நோய்வாய்ப்பட்டுச் சலித்துப்போனவர்கள். இத்தகைய அமைப்புகளுக்குக் கோபம் மட்டும் போதாது. நீரைப் பரிசோதிக்கத் தெரிந்தவர், சட்டம் படித்தவர், கணக்கு பார்ப்பவர், சுவரொட்டி வடிவமைப்பவர் எல்லோரும் வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு தஹிதித் தீவின் டெயாஹுபோவில் நடந்ததல்லவா? அங்கே நடுவர்களுக்காக அலுமினியக் கோபுரம் கட்டப்போய், 2023 டிசம்பரில் சோதனை ஓட்டத்தின்போது படகு பவளத்தை உடைத்தது. உள்ளூர் மீனவர்களும் அலையேறிகளும் எதிர்த்தார்கள். அந்த இடத்தில் பவளத்தை அளக்கத் தெரிந்த ஒருவர் பேசினால் அந்தப் பேச்சுக்குத் தனி எடை உண்டு.

சரி, இவற்றில் அவனுக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆர்வத்தை வைத்து அளக்காதீர்கள், இந்த வயதில் எல்லாவற்றிலும் ஆர்வம் இருக்கும். எந்த வேலையின் அலுப்பான பகுதியை அவன் சொல்லாமலே செய்கிறான் என்று பாருங்கள். ஒரு நோட்டு கொடுங்கள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் நேரம், காற்றின் திசை, ஓதம், அலை உயரம், இடைவெளி எல்லாம் எழுதி, முன்னறிவிப்போடு ஒப்பிடட்டும். பலகையில் விரிசல் விட்டால் நான் சொன்ன பாதுகாப்போடு அவனே உப்புத்தாள் தேய்த்துச் சரிசெய்யட்டும். புகைப்படத்தைப் பார்க்காமல், கரையில் உட்கார்ந்து, உடைகிற ஒரே இடத்து அலையைத் திரும்பத் திரும்ப வரையட்டும். கரை ஒதுங்கும் குப்பையை மூடி, வலைத்துண்டு, உறை என்று வகை பிரித்து எண்ணட்டும்.

முதல் மாதம் நான்கையும் செய்வான். அதன் பிறகு நீங்கள் நினைவுபடுத்தாமலே எது தொடர்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டு தொடர்ந்தால் இயற்பியல், கடலியல் பக்கம். உப்புத்தாள் என்றால் பொருளறிவியலும் வடிவமைப்பும். எண்ணிக்கை தொடர்ந்தால் உயிரியல், சூழலியல், சட்டம். வரைதல் என்றால் தைரியமாகக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு அனுப்பும் ஓவியத் தொகுப்பில் அழகான சூரிய அஸ்தமன அலைகள் வேண்டாம். கரையில் வரைந்த அந்தத் தோல்வி அடைந்த ஓவியங்கள் தேதியோடு இருக்கட்டும். பார்த்துப் பார்த்து அவன் கை எப்படி மாறியது என்பதைத் தேர்வாளர்கள் அதில்தான் காண்பார்கள்.

எந்தப் பக்கம் போனாலும் இந்த ஆண்டு கணிதத்தை மட்டும் கைவிட விடாதீர்கள். மேலே சொன்ன பெரும்பாலான கதவுகளுக்கு அது தேவை, பிறகு பிடித்துக்கொள்வது கடினம். மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள், அல்லது அவனையே எழுதச் சொல்லுங்கள். நோட்டின் சில பக்கங்களையும் கரையில் வரைந்தவற்றையும் சேர்த்து அனுப்பினால், கல்லூரிகளின் பட்டியலை அதை வைத்தே போட்டுவிடலாம்.