வாசகர் கேள்வி பதில்: இறக்கிய கட்டுரைகளை எடுத்தாள்வது எப்படி?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக 60 கட்டுரைகள் இறக்கி வைத்திருக்கிறேன். கோப்புப் பெயரெல்லாம் வெறும் எண்கள். எழுத உட்கார்ந்தால் எதை எங்கே படித்தேன் என்றே தெரியவில்லை. புதிதாகத் தேடினாலோ ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறது.

பதில்: முதலில் தேடலைச் சுருக்குவோம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் லட்சக்கணக்கில் முடிவுகள் இருப்பதாகச் சொன்னாலும் பார்க்கக் கிடைப்பது முதல் 1,000 மட்டுமே. அதனால் சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் தலைப்பில் சமீபத்தில் வந்த ஒரு நல்ல ரிவ்யூ கட்டுரையை (அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரை) பிடியுங்கள். அதன் கடைசியில் உள்ள பட்டியல் பழைய ஆய்வுகளைக் காட்டும். ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் ‘சைட்டட் பை’ இணைப்பு, அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவற்றைக் காட்டும். அந்தப் பக்கத்தில் மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேட ஒரு பெட்டி உண்டு. அதை டிக் செய்துவிட்டு உங்கள் சொல்லைத் தேடுங்கள். நூற்றுக்கணக்கானவை சட்டென்று வடிந்துவிடும். பலர் கவனிக்காமல் விடும் வசதி இது.

கையிலுள்ள 60 கோப்புகளையும் ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருளுக்குள் இழுத்துப் போடுங்கள். கோப்பைப் படித்து ஆசிரியர், ஆண்டு, இதழ் விவரங்களைத் தானே கொண்டுவந்து கோப்புக்கும் பெயர் வைத்துவிடும். வெறும் படமாக ஸ்கேன் செய்த பழைய கட்டுரைகளில் படிக்க எழுத்தே இல்லாததால் அங்கே தடுமாறும். அப்போது 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாள எண்) மந்திரக்கோல் பொத்தானை அழுத்திக் கொடுங்கள். வந்த விவரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்: குடும்பப் பெயர் இல்லாத ஆசிரியர்களின் பெயரும் முதலெழுத்தும் இடம் மாறியிருக்கலாம்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு குறிப்பு அவசியம். ‘நல்ல கட்டுரை’ என்று எழுதி வைப்பதில் பயனில்லை. ‘பக்கம் 412, அட்டவணை 3: 40 மாதிரிகள், 25 டிகிரியில் மட்டும் சோதனை’ என்று எழுதினால், ஆறு மாதம் கழித்தும் கோப்பைத் திறக்காமலே வாக்கியம் எழுதலாம்.

கேள்வி: தவறு தெரிந்து இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைத் தெரியாமல் மேற்கோள் காட்டிவிட்டால்?

பதில்: தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே சேர்த்த அன்று பார்த்தது போதாது. சமர்ப்பிக்கும் முன் மறுபடி பாருங்கள். ஸோட்டெரோ இத்தகைய கட்டுரைமேல் சிவப்புப் பட்டை காட்டும். ஆனால் டிஓஐ அல்லது பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளம்) எண் பதிவாகியிருந்தால்தான் அதற்குத் தெரியும்.