பரங்கிக்காய்க்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம்: அக்டோபர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் சி.எஸ்.ஏ. பண்ணைகளில் (முன்பணம் கட்டினால் பருவம் முழுக்க வாரா வாரம் காய்ப்பெட்டி தரும் பண்ணைகள்) பங்கு எடுத்திருக்கும் நம்மவர்கள் இந்த மாதம் அனுப்பிய கடிதங்களில் பாதி பரங்கிக்காய் பற்றியவை. மீதியில் ஒன்று என் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியில் மூன்று வாரமாக விதவிதமான பரங்கிக்காய் வருகிறது. எதை முதலில் சமைப்பது? எப்படிப் பத்திரப்படுத்துவது? (நாஷுவா)

டெலிகாட்டா, அக்கார்ன் ரகங்களை முதலில் தீர்த்துவிடுங்கள். நவம்பரைத் தாண்டினால் ருசி போய் நார்தான் மிஞ்சும். டெலிகாட்டாவைத் தோல் சீவாமலே வதக்கலாம். கபோச்சா ரகத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பறித்த புதிதில் வெறும் மாவாக இருக்கும். மூன்று நான்கு வாரம் சும்மா கிடந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எரிசேரிக்கு இதைவிட நல்ல காய் இந்த ஊரில் எனக்குக் கிடைத்ததில்லை. பட்டர்நட் ரகம் நல்ல காயாக இருந்தால் பொங்கல் குழம்பு வரை தாங்கும்.

50 முதல் 55 டிகிரி (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு) இருக்கும் உலர்ந்த இடம் போதும். ஹீட்டர் போடாத அறையில் செய்தித்தாளை விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், காம்பு உடைந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும். முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகவே மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் வைத்தும் நடுவில் கல் மாதிரி இருக்கிறது. பண்ணையில் கெட்ட கிழங்கைத் தள்ளிவிட்டார்களா? (வுஸ்டர்)

ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள், இல்லையா? பண்ணைக்காரர் அந்தக் கிழங்கை வெட்டியெடுத்து, 85 டிகிரி சூட்டில் ஈரப்பதத்தோடு ஒரு வாரம் பதப்படுத்தித் தோலில் பட்ட காயத்தை ஆற்றி, இனிப்பேற்றித் தருகிறார். அதை நீங்கள் 38 டிகிரி குளிரில் தூக்கிப் போடுகிறீர்கள். அது வெப்பநாட்டுக் கொடி. 50 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே இறுகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. கெட்டது பண்ணையில் இல்லை.

பெட்டியில் வந்த காய் சீக்கிரம் கெட்டுப்போகிறது. ஏன்? (ஊர் எழுதவில்லை)

என்ன காய், எங்கே வைத்தீர்கள், எத்தனை நாளில் கெட்டது? ஒன்றும் எழுதாமல் காரணம் கேட்டால் ஜோசியரைத்தான் பார்க்க வேண்டும்.

கேரட் கசக்கிறது. (ஸ்டாம்ஃபர்ட்)

அதே தட்டில் ஆப்பிள் வைத்திருப்பீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்க வைக்கும். பிரித்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் இலை கேரட்டின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கேரட்டை மட்டும் தாராளமாக ஃப்ரிட்ஜில் வைக்கலாம். என் வாயால் இதைச் சொல்வேன் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

மார்ச்சில் 650 டாலர் கட்டினேன். தக்காளி மொத்தமே மூன்று வாரம்தான் வந்தது. ஆனால் கேல் கீரை வாரா வாரம் வருகிறது. கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவு. பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (ஃப்ரேமிங்காம்)

கேட்கலாம். அவர்கள் தர வேண்டியதில்லை, தரவும் கூடாது என்பது என் கட்சி.

நீங்கள் வாங்கியது காய் அல்ல, ஒரு பருவத்தில் பங்கு. மார்ச்சில் பண்ணைக்காரருக்கு வரவு கிடையாது, செலவு மட்டும்தான்: விதை, எரு, நாற்றுக்குடிலைச் சூடாக வைத்திருக்க எரிவாயு, ஆள் கூலி. அதற்குக் கடன் வாங்காமல் இருக்கத்தான் உங்கள் முன்பணம். விளைந்தால் எல்லாருக்கும், விளையாவிட்டாலும் எல்லாருக்கும். இந்த நாட்டில் 1986-இல் மாசச்சூசெட்ஸின் சவுத் எக்ரிமான்ட்டிலும் நியூ ஹாம்ஷயரின் வில்ட்டனிலும் இந்த ஏற்பாடு தொடங்கியதே இந்தப் பேச்சின்மேல்தான். ஜப்பானில் 'தெய்கெய்' என்ற பெயரில் அதற்கும் முன்பே இருந்தது.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். மே 18 அதிகாலை உறைபனியில் ஆப்பிள் பூவும் பிஞ்சும் கருகின. அது போதாதென்று ஜூலை 10, 11 மழையில் கனெக்டிகட் ஆற்றுப் படுகையில் வெள்ளம். நான் உதவிக்குப் போகும் பண்ணையில் வெள்ளம் வடிந்த பிறகு முட்டைக்கோஸ் பார்வைக்கு அழகாகத்தான் நின்றது. ஆனால் ஆற்று வெள்ளம் தொட்ட காயை மனிதர் உண்ண விற்கக் கூடாது என்பது உணவு மருந்துத் துறையின் நிலை. வெள்ளத்தோடு சாக்கடை, டீசல், இன்னும் என்னென்னவோ வரும், கழுவினாலும் போகாது. ஒரு பருவத்து உழைப்பை டிராக்டர் விட்டு மடக்கி உழுதார்கள். அந்த வாரப் பெட்டியில் மேட்டுநிலத்துப் பூண்டும் வெங்காயமும்தான். மூன்று பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதில் ஒருவர் நம்மவர் என்பதில் எனக்கு இன்னமும் கூச்சம். சுரைக்காயும் கத்தரிக்காயும் குவிந்த வருஷங்களில் கடை விலையோடு ஒப்பிட்டு மிச்சத் தொகைக்கு யாரும் செக் எழுதிக் கொடுத்ததாக நினைவில்லை.

இன்னொன்று. பல பண்ணைகளில் பங்குதாரர்களே பறித்துக்கொள்ள ஒரு துண்டு நிலம் விட்டிருப்பார்கள். செர்ரி தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, பூ எல்லாம் இருக்கும். ஆகஸ்டில் ஒரு தடவையாவது கூடையோடு போனீர்களா? பெட்டியை கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டு, தக்காளி வரவில்லை என்றால் எப்படி?

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. தக்காளி ஏன் போனது, நோயா மழையா? வெளியிலிருந்து காய் வாங்கிப் பெட்டியை நிரப்புகிறார்களா? அப்படியானால் சொல்லிவிட்டுச் செய்கிறார்களா? இதற்கெல்லாம் நேரான பதில் வராவிட்டால் அடுத்த வருஷம் பண்ணையை மாற்றுங்கள். வேண்டிய காய் மட்டும் வேண்டுமென்றால் சனிக்கிழமைச் சந்தைக்குப் போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

அந்தக் கேலை என்னதான் செய்வது? (அதே ஃப்ரேமிங்காம் அன்பர்)

கோபம் தணிந்து சொல்கிறேன். முருங்கைக்கீரை போல நினைத்துக்கொள்ளுங்கள்: நடுத்தண்டை உருவி எறிந்து, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துத் துவட்டுங்கள். கொலார்டு கீரை வந்தால் உசிலி. இரண்டு மூன்று உறைபனி விழட்டும், அப்புறம் வரும் கேலைச் சாப்பிட்டுப் பாருங்கள். உறைந்து போகாமலிருக்க இலை சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். ஜூலை கேலுக்கும் நவம்பர் கேலுக்கும் சம்பந்தமே இருக்காது.

ஹாலோவீனுக்கு வாங்கிய பூசணியைச் சாம்பாரில் போடலாமா? (எடிசன்)

முகம் வெட்டி வாசலில் வைத்ததைத் தொடாதீர்கள். வெட்டாததைப் போடலாம், ஆனால் தண்ணீரும் நாரும்தான், சாம்பாருக்கு அவமானம். மேசை அலங்காரத்துக்கு விற்கும் குட்டிக் காய்களைச் சமைக்கவே சமைக்காதீர்கள். எந்தப் பரங்கி, சுரை, பூசணியாக இருந்தாலும் வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டுங்கள். அந்தக் கசப்பு விஷம். வேகவைத்தாலும் போகாது.

கடைசி வாரம் ஐந்து பவுண்டு பச்சைத் தக்காளி கொடுத்தார்கள். பழுக்குமா? (ஆம்ஹர்ஸ்ட்)

லேசாக வெளுத்து மினுமினுப்பாக இருப்பவை பழுக்கும். காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு சமையலறையிலேயே விடுங்கள், ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். கரும்பச்சையாகக் கல்போல் இருப்பவை பழுக்காது, அவற்றைத் துவையல் அரையுங்கள். ஃப்ரிட்ஜ்... சரி, உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் கொட்டுகிறது. (நான்கு பேர்)

இது பண்ணைப் பகுதி என்று எத்தனை தடவை எழுதுவது? இரவு 50 டிகிரியைத் தொடுவதற்குள் வீட்டுக்குள் எடுத்திருக்க வேண்டும். இப்போதாவது எடுங்கள். குளிர்காலத்தில் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும், பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றி வேரை அழுக வைக்காதீர்கள்.

எங்கள் பண்ணையில் காய் எடுத்து முடிந்த பாத்தியில் புல் விதைத்திருக்கிறார்கள். களை வராதா? (ஹாட்லி)

வெறும் புல் இல்லை, ரை என்ற தானியப் பயிர். நம் ஊரில் சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது போலத்தான். குளிர்காலம் முழுக்க மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வசந்தத்தில் உழுதுவிடுவார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் பூண்டு எப்போது நடுவது? கடைப் பூண்டு போதுமா? (ஆம்ஹர்ஸ்ட்)

இப்போது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. கடைப் பூண்டு பெரும்பாலும் வெப்பமான இடத்து ரகம், முளைக்காமலிருக்க மருந்து தெளித்ததாகவும் இருக்கலாம். உங்கள் பண்ணைக்காரரிடம் நாலு தலை கேளுங்கள், கெட்டித் தண்டு ரகம். பல்லை உரிக்காமல் பிரித்து, முனை மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி. மேலே அரை அடிக்கு வைக்கோல். பெரிய பல்லை நடுங்கள், சின்னதை ரசத்துக்கு வையுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஜூலையில் தலை சிறுத்துவிட்டது என்று எனக்கு எழுதுகிறார்கள்.