ஜெர்மனியில் முதன்முறையாகப் பல் மருத்துவரிடம் போகவிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

திருச்சியிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து 5 மாதம்தான் ஆகிறது என்றும், இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றும், சிறுவயதில் சரியாக மரத்துப்போகும் முன்பே ஒரு பல்லைப் பிடுங்கிய நினைவு இன்னும் அகலாததால் மருத்துவரிடம் போகவே கை நடுங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். “மொழியும் தெரியாது, நாற்காலியில் உட்கார வைத்து என்ன செய்வார்கள், பல்லை எடுத்துவிடுவார்களா, எவ்வளவு செலவாகும் அக்கா?” என்று கேட்டிருந்தீர்கள். மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து 22 ஆண்டுகளாகிவிட்ட நான், இந்தக் காலத்தில் இதே பயத்தோடு அந்த நாற்காலியில் பலமுறை படுத்தவள் என்பதால், தெரிந்ததைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, வெறும் கூச்சமாக இருக்கும் இப்போதே போய்விடுங்கள். பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு இலேசாக எரிச்சலுற்றிருக்கும் நிலையில், சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிட்டாலே பெரும்பாலும் போதும். அதுவே இரவில் தானாக விண்விண்ணென்று தெறிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் நரம்பையே எடுக்க வேண்டியிருக்கும். அப்படிக் கொதித்துப்போன பல்லில், குறிப்பாகக் கீழ்க் கடைவாயில், மரத்துப்போகும் ஊசியும் எளிதில் பிடிக்காது. பயத்தால் தள்ளிப்போடுகிறவர்களுக்கே அவர்கள் பயந்த வலி வந்து சேர்கிறது. என் முதல் குளிர்காலத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டும் கிராம்பை அடக்கிக்கொண்டும் 7 வாரம் ஓட்டி, காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு பல்லை இழந்தேன். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை ஊரிலிருந்து வாங்கிவந்து நாமே போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள். அது வீக்கத்தைச் சில நாள் அடக்கும்; சொத்தைக்குள் இருக்கும் காரணத்தைத் தொடாது.

உங்கள் கணவரின் அரசுமுறை மருத்துவக் காப்பீட்டில் குடும்ப உறுப்பினராக நீங்களும் சேர்க்கப்பட்டிருந்தால், உங்கள் பெயரில் ஒரு காப்பீட்டு அட்டை வந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு நீங்கள் விரும்பும் பல் மருத்துவரிடம் நேரடியாகவே போகலாம். குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கேட்கும்போதே “இஷ் ஹாபெ ஆங்ஸ்ட்”, அதாவது எனக்குப் பயமாக இருக்கிறது, என்று சொல்லிவிடுங்கள். இங்கே அது வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை; பயப்படும் நோயாளிகளுக்கென்றே ‘ஆங்ஸ்ட்பட்சியென்ட்’ என்ற சொல் வைத்திருக்கிறார்கள், பலர் அவர்களுக்குக் கூடுதல் நேரமும் ஒதுக்குகிறார்கள்.

போனதும் ஒரு படிவம் தருவார்கள். ஒவ்வாமை, கர்ப்பம், இதய நோய், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவற்றை அதில் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு நாற்காலியைச் சாய்த்து, ஒரு சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்து, மருத்துவர் உதவியாளரிடம் எண்களைச் சொல்லத் தொடங்குவார். “ட்ரை ஸெக்ஸ்” என்ற சொல் காதில் விழுந்ததும் என்னவோ பெரிய நோயைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் உறைந்துபோனேன். அது ஒரு பல்லின் முகவரி மட்டுமே. வாயை நான்காகப் பிரித்து, நம் வலப்பக்க மேல்தாடைக்கு 1, இடப்பக்க மேல்தாடைக்கு 2, இடப்பக்கக் கீழ்த்தாடைக்கு 3, வலப்பக்கக் கீழ்த்தாடைக்கு 4 என்று எண் கொடுத்து, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதை அடுத்த எண்ணாகச் சொல்வார்கள். ‘ட்ரை ஸெக்ஸ்’, அதாவது ‘3, 6’ என்றால் இடப்பக்கக் கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல். உங்கள் பல்லும் அதுவாக இருக்கலாம்.

அடுத்து, குளிர்ந்த வாயுவைத் தெளித்த ஒரு பஞ்சுருண்டையைப் பல்லில் வைப்பார்கள். சுரீர் என்று கூசினால் பயப்படாதீர்கள். நரம்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பஞ்சை எடுத்த சில நொடிகளில் கூச்சம் அடங்கினால் நல்லது, அடங்காமல் நீடித்தால் நரம்பு கெட்டுவருகிறது என்று மருத்துவர் கணிப்பார். அதனால் எத்தனை நொடி நீடித்தது என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். எக்ஸ்ரே ஒரு கணத்தில் முடிந்துவிடும், கதிர்வீச்சும் மிகக் குறைவு. 1896 ஜனவரியில் இதே நாட்டின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தம் பற்களையே முதன்முதலாக எக்ஸ்ரே எடுத்தபோது, 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது.

இனி ஊசி. இங்கே சிறிய அடைப்புக்கு எல்லா மருத்துவர்களும் தாமாகவே ஊசி போடுவதில்லை. வேண்டுமா என்று கேட்பார்கள், சில நேரம் கேட்காமலும் தொடங்குவார்கள். ஆகவே “மிட் பெடொய்புங், பிட்டெ” என்ற சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மரக்கச் செய்துவிட்டுத் தொடங்குங்கள் என்று அதற்குப் பொருள். ஊசி குத்தும் இடத்தில் முதலில் ஒரு பசையைத் தடவச் சொல்லிக் கேட்கலாம். இங்கு பரவலாகப் போடப்படும் ஆர்டிகெயின் என்ற மருந்து 1976இல் ஜெர்மனியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதோடு சிறிதளவு அட்ரினலின் கலந்திருப்பதால் ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கக்கூடும். அதைப் பயத்தின் அறிகுறி என்று நினைத்து மேலும் பதறுகிறவர்கள் பலர். சில நிமிடத்தில் தானே அடங்கிவிடும் மருந்தின் வேலை அது. கீழ்த்தாடைக்குப் போட்டால் பாதி உதடும் நாக்கும் 2 முதல் 4 மணி நேரம் வரை மரத்திருக்கும். அதுவரை சாப்பிடாதீர்கள், தெரியாமலே கன்னத்தைக் கடித்துவிடுவோம்.

மரத்த பிறகும் அழுத்தமும் அதிர்வும் தெரியும், ஆனால் கூர்மையான வலி தெரியக்கூடாது. தெரிந்தால் கையை உயர்த்துங்கள், கூடுதலாக மருந்து போடுவார்கள். பெரும்பாலும் மருத்துவர் உங்கள் வலப்பக்கம் அமர்ந்திருப்பார் என்பதால் இடக்கையை உயர்த்துவதென்று தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் சிகிச்சையில் மருத்துவர் நடுவில் நிறுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் வலித்தது, ஆனாலும் ‘பரவாயில்லை’ என்ற பொருளில், நாம் ஊரில் செய்வதுபோலத் தலையை இருபுறமும் மெல்ல அசைத்தேன். ‘வலிக்கவே இல்லை’ என்று அவர் புரிந்துகொண்டு தொடர்ந்தார். கண்ணோரம் வழிந்த நீரைப் பார்த்து உதவியாளர்தான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். நம் தலையசைப்பு இங்கே யாருக்கும் புரியாது. பெரியவர் வேலை செய்யும்போது குறுக்கிடக்கூடாது என்ற நம் வளர்ப்பையும் அந்த நாற்காலியில் சற்றே ஒதுக்கி வையுங்கள்; மருத்துவர் நிறுத்துவதையே விரும்புவார்.

அடைப்பதில் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. சொத்தையைச் சுரண்டும் ஓசையும் தண்ணீர்த் தெறிப்பும் எரிச்சலூட்டும். பிறகு பல்லின் நிறத்திலுள்ள பசையை வைத்து நீல ஒளியில் இறுக வைப்பார்கள். வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லும்போது, அடைத்த இடம் உயரமாகத் தட்டுப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். முன்பு பல்லடைக்கப் பயன்பட்ட, பாதரசம் கலந்த அமால்கத்தை 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெருமளவு தடைசெய்துவிட்டதால், கடைவாய்ப்பற்களுக்கு வேறோர் எளிய பொருளால் காப்பீட்டுச் செலவிலேயே அடைக்கிறார்கள். அதைவிட உயர்ந்த பொருளைக் கேட்டால் மிகுதிப் பணத்தை நாம் தர வேண்டும். அதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குவார்கள்.

நரம்பை எடுக்கும் வேர் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டாலே நடுங்குகிறோம். உண்மையில் அது வலியை நிறுத்துவதற்கான சிகிச்சை. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர்த் துணியைக் கட்டி, மேலே துளையிட்டு, தலைமுடி போன்ற மெல்லிய அரங்களால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடுவார்கள். கடைவாய்ப்பல்லில் மூன்று நான்கு குழாய்கள் இருப்பதால் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். கடைசியில் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற மரப்பாலால் குழாய்களை அடைப்பார்கள். ஊசியின் வேகம் தணிந்தபின் சில நாள் கடிக்கும்போது வலிக்கலாம். ஆனால் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தெறிப்பு போய்விட்டிருக்கும். கடைவாய்ப்பல்லுக்கு இதைக் காப்பீடு சில நிபந்தனைகளின்படியே ஏற்கிறது, பல் வரிசையில் இடைவெளி விழாமல் காப்பாற்றுவது அவற்றில் ஒன்று. உங்கள் பல் அதில் அடங்குமா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள்.

பல்லை எடுப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறார்கள். உங்களைக் கேட்காமல் எடுக்கமாட்டார்கள். அப்படி எடுக்க நேர்ந்தால், மரத்த தாடையில் பலத்த அழுத்தமும் ஒரு முறிவோசையும் தெரியும். அந்த ஓசைக்கு மனத்தை முன்பே ஆயத்தப்படுத்திக்கொண்டால் பாதி பயம் குறையும். பஞ்சை அரைமணி நேரம் இறுகக் கடித்திருங்கள். அன்றைக்கே உப்புத்தண்ணீரால் கொப்பளிக்கும் நம் வழக்கம் வேண்டாம். குழியில் உறைந்த இரத்தம்தான் காயத்துக்கு மூடி, அது கழன்றால் நாட்கணக்கில் வலிக்கும்.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று உங்கள் அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். என் அம்மாவும் அதையே சொன்னார். பல்லிடுக்கை அடைத்துக்கொண்டிருந்த காரை போனபின் இடைவெளி நாக்குக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். ஆட வைத்தது அந்தக் காரையே. ஆண்டுக்கொருமுறை அதை எடுக்கக் காப்பீடே பணம் தருகிறது.

செலவைப் பொறுத்தவரை, சோதனை, ஊசி, எளிய அடைப்பு, பல் எடுத்தல் ஆகியவற்றுக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியிருக்காது. பல்லின் மேல் உறைபோலப் பொருத்தும் கிரீடம் போன்றவற்றுக்கு மட்டும், வழக்கமான முறைக்கு ஆகும் செலவில் 60 விழுக்காட்டைக் காப்பீடு ஏற்கும். முதல் நாளே ‘போனஸ்ஹெஃப்ட்’ என்ற சிறு கையேட்டைக் கேட்டு வாங்கி, ஆண்டுதோறும் சோதனைக்குப் போய் முத்திரை பதித்துக்கொண்டால், 5 ஆண்டுகளில் அது 70 ஆகவும் 10 ஆண்டுகளில் 75 ஆகவும் உயரும். கிரீடத்துக்கான செலவுத் திட்டத்தை எழுத்தில் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம்.

டெர்மின் கிடைக்கும் முன்பே முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல், உங்கள் ஊரின் பல் மருத்துவ ‘நோட்டீன்ஸ்ட்’, அதாவது அவசரச் சேவை, எண்ணை அழையுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். நீங்களோ கூச்சம் மட்டுமே என்கிறீர்கள். ஆகவே நாளைக் காலை தொலைபேசியில் டெர்மின் கேளுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், உங்களுக்காக நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா