வீட்டு நாஸில் ஷேர்டு ஃபோல்டர்களை எப்படிப் பாதுகாப்பது? யாருக்கு எந்த அனுமதி கொடுக்கலாம்?

வீட்டில் ஒரு சினாலஜி நிறுவனத்தின் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருக்கிறது, குடும்பத்தில் எல்லாரும் ஒரே யூசர் பெயரில் நுழைகிறோம், குடும்பப் படங்கள், சொத்துப் பத்திர ஸ்கேன்கள், பிள்ளைகளின் பாடக் கோப்புகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதே வகைப் பெட்டிதான், அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் "யார் பார்க்கலாம்" என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் "யார் எழுதலாம், யார் அழிக்கலாம்" என்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன். வீட்டில் உள்ளவர்கள் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்ப்பதால் பெரிய கேடு வரப்போவதில்லை. ஆனால் ஒரு லேப்டாப்பில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) புகுந்தால், அந்த லேப்டாப்பில் இணைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவையும் அது விடாது. அந்த யூசருக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை இருக்கிறதோ அங்கெல்லாம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் போகும். படிக்க மட்டும் உரிமை இருந்த ஃபோல்டரை அதனால் தொட முடியாது. குழந்தை தெரியாமல் ஒரு ஆல்பத்தை அழிப்பதும் இதே கணக்குதான்.

அதனால் முதலில் ஆளுக்கொரு கணக்கு. நிர்வாகத்துக்குத் தனியாக ஒன்று. அது பிரவுசரில் செட்டிங்ஸ் மாற்ற மட்டும். உங்கள் கணினியில் டிரைவ் இணைக்க அதைப் பயன்படுத்தவே வேண்டாம். உங்களுக்கும் மற்றவர்களைப் போல ஒரு சாதாரணக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடுங்கள். 'அட்மின்' என்ற பெயரிலேயே ஒரு கணக்கு இருந்தால் அதை முடக்கிவிடுங்கள். கடவுச்சொல்லைத் தேடி வரும் நிரல்கள் முதலில் முட்டிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

அடுத்து, ஃபோல்டர்களைப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் குடும்பப் படங்கள் ஒரு ஃபோல்டர்: எல்லாரும் பார்க்கலாம், எழுதுவது ஒருவர் மட்டும். போன்கள் தானாக ஏற்றும் படங்கள் அவரவர் ஹோம் ஃபோல்டருக்குப் போகும். அங்கிருந்து பொறுக்கிக் குடும்பப் படங்கள் ஃபோல்டருக்கு மாற்றுவது அந்த ஒருவரின் வேலை. பத்திரங்கள், வங்கி, வரி எல்லாம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும் இன்னொரு ஃபோல்டர். எல்லாரும் எதையும் போட்டு எடுக்க ஒரு பொது ஃபோல்டரும் வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டில் யாரும் இந்த ஏற்பாட்டை மதிக்க மாட்டார்கள்.

சினாலஜியில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒருவருக்குத் தனியாகவும், குழு வழியாகவும் வெவ்வேறு அனுமதி இருந்தால் 'அனுமதி இல்லை' என்பதே எப்போதும் ஜெயிக்கும். அதற்கு அடுத்தது 'படிக்க-எழுத', கடைசியில்தான் 'படிக்க மட்டும்'. எல்லாக் கணக்குகளும் 'யூசர்ஸ்' என்ற குழுவில் தானாகச் சேர்ந்திருக்கும். எனவே பத்திர ஃபோல்டரை மறைக்க நினைத்து 'யூசர்ஸ்' குழுவுக்கு 'அனுமதி இல்லை' என்று போட்டால் உங்களுக்கும் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் குழுவின் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். எந்த அனுமதியும் கொடுக்காதவருக்கு உள்ளே வர வழியில்லை, அதுவே போதும். இன்னொன்று, நெட்வொர்க் பட்டியலில் ஃபோல்டரை மறைக்கும் வசதியைப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். அனுமதி தடுக்காவிட்டால், பெயர் தெரிந்தவர் முகவரியை அடித்து வந்துவிடலாம்.

டிவியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நாஸில் உள்ள படங்களையும் வீடியோக்களையும் டிவிக்குக் கொடுக்கும் டிஎல்என்ஏ மீடியா சர்வர் லாகின் எதுவும் கேட்காது. அதில் நீங்கள் சேர்த்த ஃபோல்டர், வைஃபையில் இருக்கும் எந்தக் கருவிக்கும் தெரியும். மேலே பார்த்துப் பார்த்துப் போட்ட அனுமதிகள் அங்கே செல்லாது. அதில் சினிமா ஃபோல்டரை மட்டும் சேர்த்து, குடும்பப் படங்களை எடுத்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கு ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை திறந்து கொடுங்கள்.

நாஸில் இருக்கும் கெஸ்ட் கணக்கையும் மூடிவிடுங்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் இணைப்பை எப்படியும் மறுத்துவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். நாஸில் ஒரு கணக்கை உருவாக்கி அதை உள்ளிடுங்கள். ஒரே விண்டோஸ் கணக்கிலிருந்து ஒரே நாஸுக்கு இரண்டு யூசர் பெயர்களில் இணைய முயன்றாலும் பிழை வரும். விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை நீக்கி, லாக் ஆஃப் செய்துவிட்டு வந்தால் சரியாகும்.

நாஸின் எஸ்எம்பி (கணினிகள் ஷேர்டு ஃபோல்டர்களை அடையும் நெறிமுறை) அமைப்பில் குறைந்தபட்சப் பதிப்பு 2 என்று இருக்கட்டும். 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பழைய பிரிண்டர் ஸ்கேனை அனுப்ப முதல் பதிப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கும். அதற்காக இறங்கி வராதீர்கள், ஸ்கேனை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் வீட்டுக்குள். வெளியிலிருந்து நாஸை அடைவதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து நாஸுக்கு நேரடி வழி திறப்பது) செய்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், கருவிகள் தாமாகவே அப்படி வழி திறக்க விடும் யூபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர், க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளை 7-ஜிப்பில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வைத்திருந்த பலரின் பெட்டிகள் ஒரே சமயத்தில் ஃபேக்டரி ரீசெட் ஆகி வெறுமையாயின. அந்த மாடலுக்கு 2015க்குப் பிறகு அப்டேட்டே வரவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு ரான்சம்வேர் வந்தது. இந்த மூன்றிலும் அடிபட்டவை இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி திறந்து கிடந்த பெட்டிகள். பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் அப்படிப் போனவர்களின் பதிவுகளைப் படித்திருக்கிறேன், மனசு கேட்காது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன் (பூட்டப்பட்ட தனிப்பாதை) போட்டுக்கொள்ளுங்கள். டெயில்ஸ்கேலுக்கு ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை.

உங்கள் மாடலில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு இருந்தால் முக்கிய ஃபோல்டர்களுக்குத் தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) வையுங்கள். லேப்டாப்பிலிருந்து கோப்புகள் கெட்டாலும் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். ஆனால் பெட்டியே திருடு போனால் ஸ்னாப்ஷாட்டும் போகும், ஒரே பெட்டியில் பல டிஸ்க்குகளில் தகவலை வைக்கும் ரெய்டும் அங்கே உதவாது. ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகியதும் அதுவும் ஒரு ஷேர்டு ஃபோல்டராகத் தோன்றும், அதன் அனுமதியையும் பாருங்கள். பத்திர ஃபோல்டரை என்கிரிப்ட் செய்தால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றினால்), சாவியை அதே பெட்டியில் வைத்துத் தானாகத் திறக்கும்படி விடாதீர்கள். காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் உங்களாலும் ஃபோல்டரைத் திறக்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் குழந்தையின் கணக்கில் நுழைந்து, படங்கள் ஃபோல்டரில் ஒரு சோதனைக் கோப்பை உருவாக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அனுமதிப் பட்டியலுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு குழுவின் வழியாக எழுதும் உரிமை ஒட்டிக்கொண்டிருக்கும்.