பிளாஸ்ட் 12%: எம்.டி.எஸ்.ஸா, ஏ.எம்.எல்.லா?

ஒரே எலும்பு மஜ்ஜை அறிக்கைக்கு இரு மருத்துவர்கள் இரு பெயர் சொல்கிறார்கள் என்றால், யாரோ ஒருவர் தவறு என்று பதற வேண்டாம். ரத்தப் புற்றுநோய்களுக்கு 2022-இல் வெளியான வகைப்பாடுகள் இரண்டு. குறிப்பிட்ட மரபணு மாற்றம் இல்லாத பெரியவருக்கு 12% பிளாஸ்ட் (முதிராத ரத்த அணு) இருந்தால், உலக சுகாதார நிறுவனம் அதை எம்.டி.எஸ். (மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்) என்கிறது, ஐ.சி.சி. (சர்வதேச ஒருமித்த வகைப்பாடு) ‘எம்.டி.எஸ்./ஏ.எம்.எல்.’ என்கிறது; ஏ.எம்.எல். என்பது தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய். அதே 12 சதவீதத்தோடு என்.பி.எம்.1 எனும் மரபணுவில் மாற்றம் இருந்தால் இரண்டிலுமே ஏ.எம்.எல். தான். ஏ.எம்.எல். என்று சொல்வதற்கான பிளாஸ்ட் எல்லையும் மாறியதுதான்: 1976-இல் 30% ஆக இருந்தது 2001-இல் 20% ஆனது. நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது மரபணுக்களே என்பதால், சதவீதத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள்.

அந்தச் சதவீதமே பிசகலாம். மஜ்ஜையை உறிஞ்சும்போது முதல் இழுப்பில் வருவதே அடர்த்தியானது; அடுத்தடுத்த இழுப்புகளில் ரத்தம் கலந்து பிளாஸ்ட் குறைவாகத் தெரியும். எனவே ஸ்லைடுக்கு முதல் இழுப்பே போக வேண்டும். குரோமோசோம் சோதனைக்கு ஹெப்பாரின் குழாய், மரபணுச் சோதனைக்கு இ.டி.டி.ஏ. குழாய் (இரண்டுமே ரத்தம் உறையாமல் காப்பவை). மாற்றி அனுப்பினால் ஹெப்பாரின், மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும்.

பெரும்பாலும் இந்த முடிவுகளுக்குச் சில நாள் காத்திருக்கலாம். ஏ.பி.எல். எனும் ஏ.எம்.எல். வகையில் மட்டும் கூடாது! ரத்தக்கசிவு சட்டென உயிரைப் பறிக்கும். சந்தேகம் எழுந்ததுமே, ஏ.பி.எல்.லை உறுதிசெய்யும் பி.எம்.எல்.-ராரா மரபணுச் சோதனை முடிவு வருமுன், ஆட்ரா (வைட்டமின் ஏ வகை மருந்து) மாத்திரையைத் தொடங்கி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டையும் ஃபைப்ரினோஜெனையும் ஏற்றித் தாங்க வேண்டும். ஆட்ராவைத் தொடங்கியபின் காய்ச்சல், மூச்சுத்திணறல், எடை கூடுதல் தெரிந்தால் உடனே டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மருந்து) 10 மி.கி., தினம் இருமுறை.